ஒம்பத்து, ஒந்து

'தொடாதீர்கள்' பலகையைத் தேடினேன்.
எங்கும் இல்லை.
ஆனாலும் பழக்கத்தில்
கைகளைப் பின்னால் கட்டியபடியே நடந்தேன்.

பீன்யாவில், முன்பு திருகாணி செய்த கொட்டகை.
புதன்கிழமை மூன்று மணிக்கு
டிக்கெட் வாங்கியவள் நான் ஒருத்தி.

வெள்ளைப் பொட்டு ஒன்றை
இரண்டு கோடுகள் தட்டித் தட்டித் திருப்பும் பெட்டி
இன்னொரு ஆள் வேண்டுமென்று
கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது.
காவலர் திப்பேசாமி
தொப்பியைக் கழற்றி அதன் தலையில் வைத்தார்.
"நானு பர்த்தீனி மேடம்."

விட்டுக்கொடுப்பார் என்று நினைத்தேன்.
ஒன்பது, பூஜ்யம்.
அதுவும் ஒற்றைக் கையால்.
மற்றதில் வாக்கிடாக்கி
யாரையோ கேட் திறக்கச் சொல்லி இரைந்தது.

என் முதல் பாயிண்ட் விழுந்த நொடி
கூரையில் மழை,
கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டர் இருமி எழும்வரை
எழுபது திரைகளும் கறுப்பு.
எங்கள் பெட்டியில் மங்கலாக இரண்டு முகம்.
அவருடையது இன்னும்
பந்து வரும் பக்கம் பார்த்திருந்தது.

வெளிச்சம் வந்தது.
பூஜ்யம், பூஜ்யம்.

"என்னோட அந்த ஒண்ணு?" என்றேன்,
நாற்பத்தாறு வயதில், அழாத குறையாக.

தொப்பியை எடுக்கப் போனவர்
எடுக்கவில்லை.
"ஒம்பத்து, ஒந்து" என்றார்,
கணக்கில் கறாரானவர்.

அங்கிருந்து தொடங்கினோம்.
அடுத்ததும் அவருக்கே.