ஐந்து அடி

கொங்கா என்றதும்
கொங்கு நாட்டுக் கொட்டு என்றே நினைத்தேன்.
கியூபாவிலிருந்து வந்ததுங்க என்றார் ஜெமிமா.
ஈரோடு ஜங்ஷன் பார்சல் ஆபீஸ், இரவு ஷிப்ட்,
உதட்டிடுக்கில் எந்நேரமும்
ஊறிக்கொண்டிருக்கும் ஒரு நாணல் சீவல்.

அவருடைய முதல் ஆல்பத்தில்
எனக்கு இரண்டு கட்டைகள்.
ஒன்றை ஒன்றால் தட்ட வேண்டும்.
மூன்று அடி, பிறகு இரண்டு.
பாட்டு முடியும்வரை இதேதான்.
யார் எங்கே பறந்தாலும் நான் நகரக் கூடாது.

உங்களுக்கு எண்ணத் தெரியும் என்றார்.
அது நிஜம்.
திருச்செங்கோட்டு ரிக்கில் பதினொரு வருஷம்,
ராடு மாட்டி ராடு கழற்றி
பெல்லாரி, ஜோத்பூர், ஜபல்பூர்,
அடிக்கணக்கில்தான் கூலி.
பாறை மாறுவதைச் சுத்தியல்தான் முதலில் சொல்லும்;
புழுதியின் நிறம் மாறுவது அப்புறம்.

பள்ளிபாளையத்தில் இடம் கிடைத்தது. சுற்றிலும் தறி.
மாதம் ஒருநாள் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள்,
ஒன்பதிலிருந்து ஐந்துவரை
ஊரே வாயை மூடிக்கொள்ளும்.
அந்த ஒருநாளில் ஒரு பாட்டு, பேட்டரியில்.
எட்டுப் பாட்டுக்கு எட்டு மாதம்.
சுவரெல்லாம் பவானி ஜமக்காளம்,
ஃபேன் போட்டால் மைக் கேட்டுவிடும்.

டிரம்பெட், போத்தனூர் ரயில்வே காலனி ரெஜினால்ட்.
அவருக்கு ஹார்ட் பாப் மட்டும்தான் பாட்டு:
கோயிலுக்கு நேரமாகிவிட்டவன்
வழியில் சாராயக் கடையையும் எட்டிப் பார்ப்பதுபோல்
சாய்ந்து சாய்ந்து ஓடுவார்.
கொங்கா, கரும்புக்கடை இதயதுல்லா.
சாய்ந்ததையெல்லாம் நிமிர்த்தி வைப்பார்.
டீ குடிக்கும்போதுகூட இருவருக்கும் பேச்சில்லை.
ஜெமிமா இருவரையும் சமாதானம் செய்யவில்லை.
அந்தச் சண்டைக்கு நடுவிலேயே நின்று ஊதினார்.

நீர் வராத போருக்கு எங்கள் பாஷையில் பெயர் காத்து.
"எழுநூறு அடி போயாச்சுங்க, காத்துதானுங்க"
என்று சொல்லும்போது
தோட்டக்காரர் முகத்தைப் பார்க்கக் கூடாது.
ஏதோ பேச்சில் இதைச் சொன்னேன்.
ஆல்பத்துக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்.

எட்டாவது பாட்டு. நாலு மணி நாற்பது.
மூன்றாவது தடவை.
அவர் கீழே, மிகக் கீழே இறங்கி
கரகரவென்று எதையோ குடைந்துகொண்டிருந்தார்.
திடீரென்று அந்தச் சத்தம் மாறியது.
ஈரம்.
என் கை தன்னால் உயர்ந்தது,
கம்ப்ரசரை நிறுத்து என்று
மேலே இருப்பவனுக்குச் சைகை காட்டுமே, அப்படி.
ஐந்தாவது அடி விழவில்லை.

அந்தப் பள்ளத்தில் ஜெமிமா மூச்சு வாங்கினார்.
கேட்கும்படியாக. ஒரே ஒரு மூச்சு.
பிறகு எல்லோரும் என்மேல் விழாமல்
எப்படியோ கடந்து போனார்கள்.

இன்னொரு தடவை என்று நான் வாய் திறப்பதற்குள்
கரண்ட் வந்துவிட்டது, பத்து நிமிஷம் முன்னதாக.
நானூறு தறியும் ஒன்றாகப் பேசின.
ரெஜினால்ட் என்னை முறைத்தார்.
இதயதுல்லாவும் முறைத்தார்.
எட்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போனது
அந்த ஒரு விஷயத்தில்.
ஜெமிமா எச்சில் வடியும் சாக்ஸபோனைத் துடைத்தபடி
இது இருக்கட்டுங்க என்றார்.

பின்னட்டையில் என் பெயரில் ஓர் எழுத்து பிழை.

இப்போது அகோலா பக்கம்,
லாரி கேபினில் ஓடுகிறது.
நாலு நிமிஷம் பன்னிரண்டு நொடியில்
அந்த இடம் வரும்.
டிரைவர் மாரப்பன் ஒவ்வொரு தடவையும்
ஸ்டீரிங்கில் ஒரு தட்டுத் தட்டி நிரப்பிவிடுகிறான்.
விடுறா என்றால் கேட்பதில்லை.