மூன்றின் இடத்தில் மூன்று

காதர் நவாஸ்கான் சாலையில்
ஏசி குளிரில் வெல்வெட் தட்டை விரித்து
பெனாசிர் என்ற அந்தப் பெண் சொன்னாள்:
"இதுல தேதி வராது மேடம்.
இதே விலைக்குத் தேதியோட வேற மாடல் இருக்கு."

தெரியும் என்றேன்.
தெரிந்துதான் இரண்டு வருடம்
வீட்டுக் கணக்கில் சேராத பணமாக
ஒதுக்கி ஒதுக்கி வைத்தேன்.

வெள்ளை முகம்.
இரண்டு முள், பின்னாலேயே ஓடும் மெலிந்த ஒன்று.
மூன்றின் இடத்தில் மூன்று இருந்தது.
அவ்வளவுதான்.
தேதி வைத்த கடிகாரங்களில்
அந்த மூன்றைக் காலிசெய்துவிட்டு
ஒரு ஜன்னலைத் திறந்துவிடுவார்கள்,
பழைய வாடகைதாரரை எழுப்பிவிட்டு
ஏடிஎம்முக்கு இடம் கொடுத்தது போல.

என் பிழைப்போ தேதி.
பாரிமுனை, சிட்டி சிவில் கோர்ட், இருபத்திரண்டு வருடம்.
வாதாடியதைவிட வாய்தா வாங்கியது அதிகம்.
பெரம்பூர் எத்திராஜுலுவின் பொதுச்சுவர் வழக்குக்கு
இது பதினாலாவது வருடம்.
போன ஐப்பசி மழையில்
சுவர் தானாகவே விழுந்துவிட்டது.
வழக்கு நிற்கிறது.

பழைய கடிகாரம் தேதி காட்டும்.
தேதிக்கு மேலே
கண்புரைக்கு வைத்தது போல் ஒரு லென்ஸ்.
மே மாத விடுமுறையில் டிராயரில் போட்டால்
ஏழாம் தேதியோடு படுத்துவிடும்.
ஜூனில் எழுப்பித் திருக வேண்டும்.
கை தவறி ஒரு நாள் தாண்டிவிட்டதோ,
மறுபடி ஒரு மாதம் முழுக்க
கட்டைவிரலாலேயே வாழ்ந்து முடிக்க வேண்டும்.

பிறகு, மாதம் தவறாமல்
பதினேழு அந்த ஜன்னலில் வந்து நிற்கும்.
நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்பே
தலை தெரியத் தொடங்கும்.
ஏன் பதினேழு என்று
ஜூனியர் ஜெரால்டிடம்கூடச் சொன்னதில்லை.
இங்கேயும் சொல்லப்போவதில்லை.

இது எதையும் நினைவில் வைப்பதில்லை.
காலையில் காபி ஆறுவதற்குள் சாவி கொடுக்கிறேன்.
இருபத்தெட்டு சுற்று, சில நாள் முப்பது,
விரலுக்கு ஒரு மறுப்பு தெரிகிற இடத்தில் நிறுத்துகிறேன்.
மறந்து நின்றுபோனாலும் கோபித்துக்கொள்ளாது,
மணியை மட்டும் சொன்னால் போதும், நடக்கும்.
கறுப்புக் கோட்டின் கைக்குள் சத்தமில்லாமல் போய்விடும்.
கோட்டை ஸ்டேஷனில் என்னோடு இறங்குகிறவர் யாரும்
இது என்ன விலை இருக்குமென்று யோசிக்கமாட்டார்.
அதற்குத்தான் அந்த விலை.

"இவ்வளவு கொட்டிக் கொடுத்துட்டு
தேதி பார்க்க ஃபோனை எடுக்கறியே"
என்றாள் அக்கா.
ஆட்சேபணை இல்லை.

நேற்று எத்திராஜுலு வழக்கு வந்தது.
வெளியே மழை. தாழ்வாரம் முழுக்கக் குடைகளின் சொட்டு.
'அடுத்த வாய்தா' என்றதும்
எதிர்த்தரப்பு வக்கீல் மணிக்கட்டைப் பார்த்தார்.
பழக்கதோஷம், நானும் பார்த்தேன்.
பதினொன்று இருபத்துமூன்று.
எந்த நாளின், எந்த வருடத்தின்
பதினொன்று இருபத்துமூன்று என்று
அதற்குக் கவலையில்லை.
சின்ன முள் ஒரு சுற்று வரும்வரை
எனக்கும் இல்லை.

மார்ச் பதினேழு என்றார் பெஞ்ச் கிளார்க்.
எழுதிக்கொண்டேன்.

படியிறங்கும்போது எத்திராஜுலு கேட்டார்:
"புது வாட்ச்சா மேடம்? தேதியைக் காணோமே?"
இல்லை என்றேன்.
"நல்லதாப் போச்சு" என்று
குடையை விரித்தார்.
ஒரு கம்பி ஒடிந்திருந்தது.
பேருந்து நிறுத்தம்வரை
இருவரும் அதற்குள்ளேயே போனோம்.