பக்கம் நாற்பத்தாறு

வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், டி.டி.பி.
பஞ்சாயத்துப் பொன்விழா மலருக்கு
‘நம் மண்ணின் பெருமைகள்’ என்று
முப்பத்தியொரு பேரை அடித்துக்கொண்டிருக்கிறேன்,
இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம்.

முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கு முழுப்பக்கம், வண்ணத்தில்.
ராக்கெட்டுக்கு எரிபொருள் கலந்தவருக்கு அரைப்பக்கம்.
பத்தாம் வகுப்போடு ரயிலேறியவர்,
திரும்பி வந்தது ஒரே ஒரு தேருக்கு.
உப்பு அள்ளப் போய் ஜெயிலில் கிடந்தவருக்கு
பிறந்த தேதி மூன்று.
மகன்களும் மூன்று பேர்.

மூன்றாம் பக்கத்தில் நூல்மில் சென்னியப்பன்,
பள்ளிக்கூடத்துக்கு நிலம் எழுதிக் கொடுத்தவர்.
‘கொடைவள்ளல்’ கொட்டை எழுத்தில் வரணும் என்று
பேரன் இரண்டு தடவை வந்து
நின்றபடியே சொல்லிவிட்டுப் போனான்.

நாற்பத்தாறில்
டயர் ரீட்ரெடிங் விளம்பரத்துக்குக் கீழே
நாலு விரற்கடை இடம் மிச்சம்.
அதற்குள் அடங்கவேண்டும்
ம. செபஸ்தியம்மாள்.

கோவிந்தன்குட்டி மாஷ் எழுதித் தந்தது இவ்வளவுதான்:
‘உயர்நிலைப்பள்ளி ரசாயன ஆசிரியை.
கிணற்று நீரை ஆராய்ந்தவர்.’
படம் இல்லை. இறந்த வருஷம் இல்லை.
இடப்பக்கம் செபஸ்தியம்மாள், வலப்பக்கம் செபாஸ்ட்யானம்மா.
எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்திருப்பாரோ.

மாஷ் எழுதாதது:
இருநூற்றுப் பதினேழு கிணறு.
ஞாயிற்றுப் பூசை முடிந்த கையோடு சைக்கிள்,
கேரியரில் கயிறு கட்டிய ஹார்லிக்ஸ் பாட்டில்,
கைப்பையில் ரோஜா நிற மருந்து.
சொட்டு விட்டால் ரோஜா ரோஜாவாகவே நிற்கணும்.
மஞ்சளாக வெளுத்தால்
குழந்தைகளுக்குக் கொடுக்காதீங்க,
பல்லைத் தின்னும், பிறகு முட்டியைத் தின்னும்.
கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி.

சாயந்திரம் போட்ட சிவப்பு
விடியும்போது சுண்ணாம்புக்கு அடியில் இருக்கும்.
சிவப்புக் கிணற்று வீட்டில் யார் பெண் எடுப்பாங்க?
சிவப்புக் கிணற்றுக் காட்டை யார் கிரயம் பேசுவாங்க?
மறுவாரம் அந்த அம்மா மறுபடியும் வரும்.
மறுபடியும் சிவப்பு, மறுபடியும் சுண்ணாம்பு.
சுவர்தான் கனத்துக்கொண்டே போனது.

கடைசியாகக் குறி போட்டது
பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்கு.
சென்னியப்பன் கொடுத்த நிலம்.
அந்த ஜூனில் காசர்கோட்டுக்கு மாற்றல் வந்தது.
நான் ஆறாவதில் சேர்ந்ததும் அதே ஜூனில்.
அலுமினியத் தம்ளரில் மதியம் இரண்டு,
வெயில் காலமென்றால் மூன்று.

என் கல்யாண ஆல்பத்தில் நூற்றிருபது படம்.
ஒன்றில்கூடப் பல் தெரியாது.
மாப்பிள்ளை கோபக்காரர் போல என்று
பெண் வீட்டில் கொஞ்ச நாள் பேச்சு.

பழைய ஆண்டுவிழாக் குழுப்படம் ஒன்று கிடைத்தது.
நடுவில் மாலையோடு சென்னியப்பன்.
வலது ஓரத்தில் சட்டம் வெட்டியது போக
ஒரு சேலை நுனி, ஒரு கை,
கையில் ஒரு பாட்டில்.
பெரிதாக்கினேன். புள்ளி புள்ளியாகச் சிதறியது.
பிறகும் கை கையாகத்தான் இருந்தது.
நாலு விரற்கடைக்குள் அதை வைத்தேன்.

புரூஃப் திரும்பி வந்தது.
ஓரத்தில் மாஷின் பச்சை மை:
‘கை எதுக்கு? அபசகுனம் மாதிரி.
ஆள் படம் கிடைக்கலேன்னா ஒரு ரோஜாப்பூ வை.’

வைத்தேன்.
கம்ப்யூட்டரிலேயே இருக்கும் ரோஜா,
கல்யாணப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும்
நான் வைக்கிற அதே ரோஜா.

நாற்பத்தாறு கறுப்புவெள்ளைப் பக்கம்.
எந்த நிறம் கொடுத்தாலும்
அச்சில் சாம்பலாகத்தான் விழும்.
தெரிந்தும், ஃபைலை மூடுமுன்
இதழ் இதழாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து
அதை மஞ்சளாக்கினேன்.