பக்கத்துக்கு இரண்டு ரூபாய்

கன்வென்ஷன் நோட்டீஸ் இரண்டாயிரம் கேட்டார்
சுவிசேஷகர் ஞானாபரணம்.
மஞ்சள் தாள், கறுப்பு மை:
'வருகை சமீபம். நீ ஆயத்தமா?'
கீழே பொடி எழுத்தில்
காட்பாடி மைதானம், மூன்று இரவுகள், சாப்பாடு உண்டு.
அட்வான்ஸ் கேட்டேன்.
"மாசக் கடைசியில தந்துடறேன் சிஸ்டர்."
உலகத்தின் கடைசி அதற்கு முந்திக்கொண்டால் என்று
கேட்க வாயெடுத்து, சிரிப்பை மென்று
கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
இந்த ஜில்லாவின் பாவங்களை
நீதிபதிக்கு முன்னால் வாசிக்கிறவள் நான்.
முன்ஜாமீன் மனு. தாலிச்செயின் புகார்.
பாலாற்று மணலைத் தடுக்கப்போன தலையாரிமேல்
லாரி ஏறியது என்று ஒரு வாக்குமூலம்,
ஏறவேயில்லை என்று இன்னொன்று,
இரண்டிலும் ஒரே ஆளின் கையெழுத்து.
கண்ணாடிக்கு அடியில் பச்சை வெளிச்சம்
கிழக்கிலிருந்து மேற்கே ஓடும்.
மின்னலாய் வருவார் என்று ஞாயிறு பள்ளியில் கேட்டது
முன்பெல்லாம் ஞாபகம் வரும்,
ஒவ்வொரு தாளுக்கும்.

ஞானாபரணம் விரல் மடக்குவார்.
ராணிப்பேட்டைத் தண்ணீர் எட்டியாய்க் கசந்தது ஒன்று.
ஆற்றையே அள்ளிப் போனது இரண்டு.
மகன் தகப்பனைக் கோர்ட்டுக்கு இழுத்தது மூன்று.
"எல்லாம் எழுதியிருக்கு சிஸ்டர்."
எழுதியிருப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.
எனக்கும்தான்.
எழுதியாகிவிட்டதென்றால் நாம் செய்ய ஒன்றுமில்லை பாருங்கள்.

ஒட்டுகிற பையன்கள் மிச்சமான ஒன்றை
என் ஷட்டரிலேயே ஒட்டிப் போனார்கள்.
காலையில் தூக்கினால்
வருகையும் சமீபமும் சுருண்டு மேலே போகும்.
இரவில் இறக்கினால்
காலித் தெருவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.

தார் இளகிய ஒரு சித்திரைச் செவ்வாய்.
வாய்தாவுக்கு வந்த பையனை
கேட்டுக்கு வெளியே நாலு பேர் மறித்தார்கள்.
முத்திரைத்தாள் விற்கிறவர் மேசையோடு ஓடினார்.
டீ மாஸ்டர் அடுப்பை அணைக்காமல் ஓடினார்.
நான் கொக்கியை எட்டிப் பிடித்தேன்.
பத்து வருஷத்தில் அந்த ஷட்டர்
அவ்வளவு சுலபமாய் இறங்கியதில்லை.

உள்ளே இருட்டு, மெஷின் சூடு.
யாரோ தட்டினார்கள்.
மூன்று முறை. அப்புறம் ஒரு முறை.
அப்புறம் தகரத்தில் நகம் உரசிக்கொண்டே
அடிவரை இறங்கியது.
கதவண்டை நின்று தட்டுகிறவரின் படம்
எங்கள் வீட்டுக் காலண்டரில் இருக்கிறது.
நான் ஜெபித்தேன்.
சத்தமில்லாமல், மிக உருக்கமாய்,
ஆண்டவரே இவன் இங்கிருந்து போய்விட வேண்டும் என்று.
போய்விட்டான்.

பத்து நாள் கழித்து ஒரு அம்மாள்,
துணிக்கடைக் கவரில் மூன்று தாள்கள்.
எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை, ஆதார்.
கஜபதி, தகப்பன் பெயர் முனிரத்தினம், விருதம்பட்டு.
"அஞ்சு செட்டும்மா."
அவன் முகத்தின்மேல் அந்த வெளிச்சம்
கிழக்கிலிருந்து மேற்கே ஐந்து தடவை போனது.
காசு வேண்டாம் என்றேன்.
"சும்மா எதுக்கும்மா" என்று
முந்தானை முடிச்சை அவிழ்த்து
முப்பது ரூபாயை எண்ணி வைத்தார்.
அன்றைக்குக் கடை இருந்ததா என்று கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

அநேகரின் அன்பு ஆறிப்போகுமாம்.
அந்த அநேகரை நான்
லாரி கேபின்களிலும் ஸ்டேஷன் வாசலிலும்
தேடிக்கொண்டிருந்தேன் இத்தனை நாளும்.

சொன்னபடி மாசக் கடைசியில் பணத்தோடு வந்தார் ஞானாபரணம்.
கடை சாத்துகிற நேரம்.
"நம்ம நோட்டீஸ் இன்னும் இருக்கே, ஸ்தோத்திரம்!"
கிட்டப்போய் அவர் படிக்கவில்லை.
நகம் இழுத்த இடமெல்லாம் கிழிந்துபோய்
நடுவில் ஒற்றை எழுத்து மட்டும்
ஒட்டிக்கொண்டிருக்கிறது:
நீ.