அரைப் பேர்

பொகவந்தலாவை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்
போட்டோகொப்பிக் கடையில் எனக்கு வேலை.
ஆங்கிலப் பேப்பர் ஒன்றே ஒன்று வரும்,
தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கு.
ஐந்து மணிக்கு அவர் வந்து எடுக்கும்வரை
அது என்னுடையது.
மடிப்புக் கலையாமல் விரிக்கவும்
மடிப்புப் பிசகாமல் மூடவும்
முதலில் பழகினேன்.
சொற்கள் அதற்குப் பிறகுதான்.

சி.ஆர். கொப்பியை மூன்றாகப் பிரித்திருக்கிறேன்:
பேப்பரில் வரும் சொல்,
புத்தகத்தில் வரும் சொல்,
கதை சொல்ல வேண்டிய சொல்.

பேப்பர்ச் சொற்கள் இஸ்திரி போட்டு வரும்.
'அலெஜ்ட்' என்றால்
செய்தான், ஆனால் நான் சொல்லவில்லை.
'சோர்சஸ்' என்றால்
சொன்னவன் யாரென்று கேட்காதே.
புத்தகச் சொற்கள் மழையில் நனைந்தவை.
'டிரிஸில்', 'மிஸ்ட்', 'டாம்ப்',
சுவரில் பூஞ்சணம் படர்வதற்குக்கூட ஒரு சொல்.
"இங்க வந்து குளிர்ல நடுங்கித்தான்
வெள்ளைக்காரன் இதையெல்லாம் கண்டுபுடிச்சிருப்பான்"
என்கிறாள் கடையில் கூட நிற்கும் ஜெசிந்தா.
மூன்றாம் பகுதியில்
'வன்ஸ்' என்று ஒரு சொல்.
அதன் கீழே வெறும் கோடுகள்.

எங்களுக்கு இங்கிலீஷ் வராது என்பது பொய்.
கையெழுத்துப் போடத் தெரியாத அம்மா
நாளைக்கு முப்பது சொல் பேசுகிறாள்:
பெரட்டு, செக்ரோல், கொந்தரப்பு, லீவு.
ஸ்பெல்லிங் கேட்டால்தான்
அகப்பையைத் தூக்குவாள்.

செவ்வாய்க்கிழமை குளவி கொட்டியது.
நாலாம் நம்பர் மலையில்
டர்பன்டைன் மரக்கிளை முறிந்து
கூடு அப்படியே நிரையின் மேல் விழுந்ததாம்.
அண்ணி கொழுந்துக் கூடையைத்
தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினாளாம்.
கொழுந்து லொறியிலேயே ஏற்றி
டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு.

வியாழக்கிழமைப் பேப்பர், ஏழாம் பக்கம்,
டயர் விளம்பரத்துக்கு மேலே நாலு வரி.
பதினொரு பேர் என்றிருந்தது.
ஒரு பேரும் இல்லை.
கடைசி வரியில் அவர்கள் 'ஸ்டேபிள்'.
அகராதியைப் புரட்டினேன்.
முதல் பொருள்: குதிரை லாயம்.

இரண்டாம் பொருளுக்கு இறங்க
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
பதினொரு பெண்கள் லாய நிலையில்.
குதிரைக்கு லாயம், எங்களுக்கு லயம்,
எழுத்தில் ஒரு கால் குறைவு, அவ்வளவுதான்.
மெஷின் வெளிச்சம் முகத்தில் ஓடி ஓடி மறைய
யாரோ ஒருவரின் பிறப்புச் சான்றிதழை
ஆறு பிரதி எடுத்தபடி
தனியாகச் சிரித்தேன்.
ஜெசிந்தா என்னவென்று கேட்டாள்.
சொல்ல ஆரம்பித்தபோது
சிரிப்பு வரவில்லை.

அண்ணி சனிக்கிழமை வந்தாள்,
இடது கண் இன்னும் திறக்காமல்.
செருப்பைக் கழற்றுமுன் கேட்டது:
"அன்னைக்கு எனக்குப் பேர் போட்டாங்களா?"
பதினொரு மணிக்கே மலையை விட்டு இறங்கியதால்
அரைப் பேர்.

அன்றிரவு மூன்றாம் பகுதியைத் திறந்தேன்.
'ஹாஃப் டே' என்று எழுதினேன். வெட்டினேன்.
'ஹாஃப் பே'. அதையும் வெட்டினேன்.
அதில் காசு இருக்கிறது,
அண்ணி இல்லை.
'ஹாஃப் நேம்' என்று எழுதினேன்.
இங்கிலீஷ் டீச்சர் யாராவது பார்த்தால்
சிவப்பு மையில் சுழிப்பார்.
சுழிக்கட்டும்.

'வன்ஸ்' என்பதற்குப் பக்கத்தில்
பதினொரு பேரையும் முழுசாக எழுதப் போகிறேன்.
முதலில் அண்ணி. கமலேஸ்வரி.
நடுவில் வருவது வீயா, டபிள்யூவா?
கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தவளைக் கேட்டேன்.
"செக்ரோல்ல எப்படி இருக்கோ
அப்படியே போடு" என்றாள்.

செக்ரோலில் இருப்பது
கே. ஈஸ்வரி.