பாதி ஓட்டத்தில்

வீட்டுக்குள் சம்பல் ஒரு ஞானி.
கோழிச்சோற்றுப் பொட்டலம்
மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பிரிந்து கிடந்தாலும்
உட்கார் என்றால் உட்கார்வாள்.
எச்சில் மட்டும் தரைவரை நூல் விடும்.

மின்தூக்கி பதினோரு மாடி இறங்கித்
திறந்ததும் ஞானம் போச்சு.
துவாஸ் தொழிற்பேட்டையில் பிறந்த ரத்தம்.
பாசிர் ரிஸ் பூங்காவில் ஒரு காட்டுக்கோழி
சும்மா குறுக்கே நடந்தது, அவ்வளவுதான்.
என் சுண்டுவிரலில் வார் அறுத்த தழும்பு
இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.

நான் பேருந்து ஓட்டுகிறவள்.
இரட்டை மாடி, நின்றபடி முப்பது பேர்,
அதில் ஒருவர் கையில் பையில் கட்டிய கோப்பி.
நிற்கிற வண்டிக்கு பிரேக் எதற்கு?
இது தெரிந்தும் ஏழு மாதம்
உட்கார்ந்திருக்கிற நாய்க்கே
உட்காரச் சொல்லிக்கொடுத்தேன்.

மூன்றாம் மாடி பெர்னிஸ்தான் சிரித்தாள்.
மூங்கில் கழி, நுனியில் கயிறு,
கயிற்றில் அவள் கணவனின் கிழிந்த காலுறை.
சுழற்று. ஓடட்டும். கொதிக்கட்டும்.
கொதிக்கும்போதே சொல்.
நின்றால் பிஸ்கட்டா என்று கேட்டேன்.
பைத்தியமா? ஓட்டத்தைத்தானே பிடுங்கினாய்,
ஓட்டத்தையே திருப்பிக் கொடு.

நில்.
சொல்லி முடித்த பிறகும் நாக்கு
பல்லுக்குப் பின்னால் ஒட்டி நிற்கிற சொல்.
போ என்றால் வாய்க்குக் கதவே இல்லை.
பெர்னிஸ் வாயில் அது 'நீல்'.
எந்த நிறத்துக்கும் சம்பல் காது கொடுக்கவில்லை,
மூன்று வாரம்.

நேற்று மழை விட்டு ஆறரை மணி.
கால்வாய்க் கரையேறி ஓர் உடும்பு.
நான்கு காலும் தரையில் இல்லாத நொடியில்
சொன்னேன். கத்தவில்லை.
புல்லைக் கிழித்துச் சறுக்கி நின்றாள்.
நின்றாள் என்பது பாதிப் பொய்:
தோள் நின்றது, வால் நின்றது,
ஒரு முன்கால் காற்றிலேயே இருந்தது,
விலாவுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள்.
பிறகு, திரும்பி என்னைப் பார்த்தாள்.

உடும்பு தண்ணீருக்குள் போகும்வரை காத்திருந்து
போ என்றேன்.
யாரையும் துரத்தாமல்
ஈரப் புல்லில் மூன்று வட்டம்.

இன்று காலை தெம்பனிஸ் சந்திப்பில்
சைக்கிள்காரன் ஒருவன் சிவப்பில் பாய்ந்தான்.
கோப்பி சிந்தவில்லை.
உதடுவரை வந்த வசவு
ஒரு முன்காலைத் தூக்கியபடி நின்றது.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பின்,
கதவை மூடிவிட்டு,
அதற்கும் போ சொன்னேன்.