நூல், இருநூற்றுப் பதினான்கு

சமகாலம் என் பிரிவு.
பக்கத்து அறைக்காரருக்குத் தாழிகள்,
மூவாயிரம் வருஷம் பொறுத்துக்கொண்ட எலும்புகள்.
அவற்றைத் திருப்பிக் கேட்டு யாரும் வருவதில்லை.
எனக்கு வருவதெல்லாம்
இன்னும் வேர்வை காயாதவை.

பள்ளி திறந்து ஒன்பதாம் நாள்
மூன்று பஸ் மாறி பாளையங்கோட்டை வந்து சேர்ந்தார்
விளையாட்டு வாத்தியார் ஞானசிகாமணி.
மடியில் ஒரு பிஸ்கட் டின்.
"எரிக்க மனசு வரல மேடம்.
குப்பையில போட்டா
பொறுக்கித் திரும்பக் கட்டிக்கிடுவானுவ."

திறந்தால், கயிறு.
பையன்களின் மணிக்கட்டில் கத்தரித்த கயிறு.
இரண்டு நிறம் முறுக்கியது, மூன்று நிறம் முறுக்கியது.
எந்த நிறம் எந்தத் தெரு என்பது
பாடத்தில் இல்லை, எல்லோருக்கும் மனப்பாடம்.

கொட்டி எண்ணினோம், நானும் உதவியாளர் உச்சிமாகாளியும்.
எண்ணும்போதே அவர் விரல் ஒரு நிறத்தில் தயங்கியது.
பார்த்துவிட்டேன்.
என் கண் அதற்கு முன்பே வேறொன்றில் நின்று மீண்டதை
அவரும் பார்த்திருப்பார்.
இருநூற்றுப் பதினான்கு என்றார்.
இருநூற்றுப் பதினான்கு என்று எழுதினேன்.

பதிவேடு கேட்கிறது.
பொருள்: நூல்.
அளவு: பதினாறு சென்டிமீட்டர். சிலது பதினான்கு.
(பதினான்கு என்றால் ஆறாம் வகுப்புக் கை.)
நிலை: அழுக்கு, தேங்காய் எண்ணெய் வாசம்,
ஒன்றில் பழுப்புக் கறை, சோதிக்கவில்லை.
ஒன்றே ஒன்று கத்தரி படாதது.
முடிச்சைப் பல்லால் அவிழ்த்திருக்கிறது ஒரு பிள்ளை.
காலம்:

அங்கே பேனாவை மூடிவைத்தேன்.

நிறவாரியாக அடுக்கினால்
வகுப்பறை பெஞ்சு அப்படியே வந்துவிடுகிறது.
கலந்து வைத்தால் நான் பொய் சொல்கிறேன்.

பெல்ஃபாஸ்டில் ஒருத்தி இதே வேலையில் இருக்கிறாள்.
கொல்கத்தாப் பயிலரங்கில் பக்கத்து நாற்காலி.
அவள் பெயரை எழுத்துக்கூட்டினால் நியாம்,
நியாயத்தில் ஓர் எழுத்து குறைகிறது.
கூப்பிடும்போது நீவ்,
சுளுக்கிய இடத்தை நீவச் சொல்வதுபோல.
இரண்டு தெருக்காரர்களும் வாசிக்கப்போகும் அட்டையை
ஒருத்தி எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தேன்.

நான்கு நாள் கழித்துப் பதில்:
"எங்களிடம் ஒரு நடைபாதைக் கல் இருக்கிறது.
மேலே ஒரு கட்சியின் நிறம்,
சுரண்டினால் அடியில் மற்றதன் நிறம்,
அதற்கும் அடியில் மறுபடி முதல் நிறம்.
அட்டை எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது.
'கல். சாயம். இன்னும் ஈரம்.'
அதையும் மேலாளர் பாதியாக வெட்டிவிட்டார்.
இங்கே மழை. அங்கே?"

இங்கே வெயில்.
ஆற்றுப் பாலத்தில் தார் உருகி
செருப்பில் ஒட்டுகிற வெயில்.

வந்த தேதிப்படி அடுக்கினேன் கடைசியில்,
எந்தத் திங்கட்கிழமை கத்தரித்தாரோ அந்த வரிசையில்.
கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பது விதி.
காலம்: இரண்டாயிரத்துப் பதினெட்டு முதல்.
'வரை' போடவில்லை.
தணிக்கைக்கு வந்தவர் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் ஒரு பள்ளி வந்தது, நாற்பது பேர்.
தாழிகளைப் பார்த்துச் சிரித்தார்கள்,
உள்ளே குனிந்து ஊவென்று கூவினார்கள்.
என் அறையில் சத்தம் குறைந்தது.
ஒவ்வொருவனும் தன்னுடையதைத் தேடினான்,
கிடைத்ததும் அடுத்தவனைப் பார்த்தான்.
ஒருவன் மட்டும் முழுக்கைச் சட்டையை
உள்ளங்கைவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.
இழுப்பதற்கு முன் தெரிந்தது,
மணிக்கட்டைச் சுற்றி
வெயில் படாத ஒரு வெளிர்க் கோடு.

அதற்கு எண் கொடுக்க என்னிடம் பதிவேடு இல்லை.

சாயங்காலம் பூட்டும்போது
துணியும் கையுமாக நின்றார் உச்சிமாகாளி.
"மத்த பெட்டியெல்லாம் வாரம் ஒருக்கா தொடைச்சாப் போதும்.
இதுல மட்டும்
இந்த ஒசரத்துல தெனமும்
கை பதிஞ்சு கெடக்கு, பாத்துக்கிடுங்க."